பெட்டி லாக்ரோசு

பெட்டி லாக்ரோசு என்பது பலகைச் சுவரால் சூழப்பட்ட உள்ளரங்கத் தளத்தில், அணிக்கு ஆறு பேராக ஆடப்படும் ஒரு பந்தாட்டம் ஆகும். நுனியில் வலைப்பை கொண்ட மட்டையால் திண்மையான ரப்பர்ப் பந்தை ஏந்தி ஓடி, தோழருக்கு எறிந்து, எதிரணியின் கோலுக்குள் செலுத்துவதே ஆட்டத்தின் நோக்கம். திறந்த புல்வெளியில் அணிக்குப் பத்துப் பேர் ஆடும் வெளிக்கள லாக்ரோசிலிருந்து இது 1930களில் கனடாவில் கிளைத்தது. கனடாவில் லாக்ரோசு என்று பொதுவாகச் சொன்னால் பெரும்பாலும் இந்த உள்ளரங்க வடிவமே குறிக்கப்படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ அச்சொல் வெளிக்கள வடிவத்தையே முதலில் நினைவூட்டும்.

தமிழில் வளைதடிப் பந்தாட்டம் எனப்படும் ஹாக்கியுடன் இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஹாக்கியில் பந்து தரையில் உருட்டி அடிக்கப்படுகிறது. லாக்ரோசில் பந்து வலைக்குள் தங்குகிறது, காற்றில் பறக்கிறது, தரையில் கிடந்தால் அள்ளப்படுகிறது. உத்திகளைப் பார்த்தால் இது கூடைப்பந்தாட்டத்துக்கு நெருக்கமானது. களத்தையும் தண்டனை முறையையும் பார்த்தால் பனி ஹாக்கிக்கு நெருக்கமானது.

வேர்கள்

லாக்ரோசின் தாய் வடிவங்கள் வட அமெரிக்காவின் முதற்குடிகளுக்கு உரியவை. பேரேரிகளைச் சுற்றி வாழ்ந்த ஹோடனோசோனி, அனிசினாபே மக்களும், தென்கிழக்கில் வாழ்ந்த சோக்டா, செரோக்கி மக்களும் தத்தமக்குரிய முறைகளில் இதனை ஆடினர். தென்கிழக்கில் ஒவ்வொருவரும் இரண்டு சிறு மட்டைகளைப் பிடித்து ஆடும் முறை இன்றும் உள்ளது. இன்றைய மட்டை ஹோடனோசோனி மக்களின் ஒற்றை மட்டையிலிருந்து வந்தது. மோகாக், ஒனைடா, ஒனோண்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா ஆகிய ஆறு இனங்களின் கூட்டமைப்பே ஹோடனோசோனி ஆகும். பிரெஞ்சுக்காரர் இட்ட இரோகுவா என்ற பெயரால் இவர்கள் நெடுங்காலம் அறியப்பட்டனர். லாக்ரோசு என்ற பெயரும் பிரெஞ்சு மொழியினதே. 1630களில் யூரான் மக்களிடையே பணியாற்றிய இயேசு சபைப் பாதிரியார் சான் டெ பிரெபஃப் இவ்விளையாட்டைப் பற்றி எழுதிய குறிப்பு, இது குறித்துக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று.

ஹோடனோசோனி மக்கள் இதனைப் படைத்தவனுக்கு மகிழ்வூட்டும் ஆட்டம் எனக் கொள்கின்றனர். நோயுற்றவர் நலம்பெற வேண்டி மரமட்டைகளுடன் ஆடப்படும் மருந்தாட்டம் இன்றும் அவர்களிடையே வழக்கில் உள்ளது. அதில் மதிப்பெண்ணுக்குப் பெரிய இடமில்லை. இக்கரி மரத்தை நீராவியில் வளைத்து மாதக்கணக்கில் உலர்த்தி மட்டை செய்யும் கைவினைஞர்கள் சிலர் இன்னும் உள்ளனர். எனினும் போட்டி ஆட்டங்களில் 1970களுக்குப் பின் நெகிழித் தலையும் உலோகத் தண்டும் கொண்ட மட்டைகளே பெரும்பாலும் பயன்படுகின்றன.

19ஆம் நூற்றாண்டில் மொண்ட்ரியால் நகரத்து ஆங்கிலேயர் இவ்விளையாட்டைக் கற்றுக்கொண்டனர். அவர்களுள் சார்ச் பியர்சு என்ற பல் மருத்துவர் விதிகளை எழுதி 1867இல் முறைப்படுத்தினார். தோல் பந்துக்கு மாற்றாக ரப்பர்ப் பந்து வந்ததும் அக்காலத்தில்தான். 1859இல் கனடிய நாடாளுமன்றம் லாக்ரோசைத் தேசிய விளையாட்டாக அறிவித்தது என்ற செய்தி பல நூல்களில் மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. அப்படி ஓர் அறிவிப்புக்குப் பதிவு ஏதும் இல்லை. கனடியக் கூட்டாட்சியே 1867இல்தான் உருவானது. சட்டப்படி லாக்ரோசு கனடாவின் தேசியக் கோடைக்கால விளையாட்டு ஆனது 1994இல் ஆகும். அதே சட்டம் பனி ஹாக்கியைக் குளிர்கால விளையாட்டாக அறிவித்தது.

விதிகள் எழுதப்பட்ட சிறிது காலத்திலேயே அவ்விளையாட்டைக் கற்றுத்தந்தவர்கள் வெளியே நிறுத்தப்பட்டனர். போட்டிகளுக்காகப் பயணம் செய்யப் பணம் பெற்ற முதற்குடி ஆட்டக்காரர்கள் தொழில்முறையினர் எனக் கருதப்பட்டு, 1880இல் கனடாவின் தேசியச் சங்கம் நடத்திய வாகையர் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டனர். அந்தக் கதவு மீண்டும் திறக்கப் பெட்டி லாக்ரோசு ஒரு காரணமாயிற்று.

பெட்டிக்குள் வந்த கதை

1931இல் மொண்ட்ரியால் கனடியன்சு என்ற பனி ஹாக்கி அணியின் உரிமையாளர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. பெருஞ்செலவில் கட்டிய அரங்கம் பனி உருகிய பின் கோடை முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய காலம் அது. அவர்களும் வேறு அரங்க உரிமையாளர்களும் லாக்ரோசைப் பலகைச் சுவருக்குள் கொண்டுவந்து நான்கு அணிகளுடன் ஒரு தொழில்முறைக் கூட்டமைப்பைத் தொடங்கினர். அக்கூட்டமைப்பு நீடிக்கவில்லை. ஆனால் ஆட்ட வடிவம் நிலைத்துவிட்டது. சிறிய இடம், குறைந்த ஆட்கள், மழையால் தடைபடாமை, நொடிக்கு நொடி மாறும் வேகம் ஆகியவை மக்களைக் கவர்ந்தன. சில ஆண்டுகளிலேயே கனடிய லாக்ரோசு சங்கம் இதனையே தன் முதன்மை வடிவமாக ஏற்றது. 1910இல் நிறுவப்பட்ட மான் கோப்பை 1932 முதல் பெட்டி லாக்ரோசு அணிகளுக்கே வழங்கப்படுகிறது. கனடாவில் வெளிக்கள வடிவம் பல பத்தாண்டுகளுக்கு ஏறத்தாழ மறைந்தே போனது. முதலில் அணிக்கு ஏழு பேர் ஆடினர். 1953இல் அது ஆறாகக் குறைக்கப்பட்டது.

ஹோடனோசோனி சமூகங்கள் புதிய வடிவத்தை மிக விரைவாகத் தமதாக்கிக்கொண்டன. ஒதுக்கீட்டு நிலங்களில் திறந்தவெளிப் பெட்டிகள் கட்டப்பட்டன. ஒன்ராறியோவின் சிக்சு நேசன்சு நிலத்தில் பிறந்த ஆரி சுமித்து 1930களில் பெட்டி லாக்ரோசு ஆடிப் புகழ் பெற்றவர். பின்னர் இவரே சே சில்வர்கீல்சு என்ற பெயரில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் டோன்டோ என்ற பாத்திரமாக நடித்தார்.

ஆடுதளம்

ஆடுதளம் பனி ஹாக்கி அரங்கின் அளவே ஆகும்: ஏறத்தாழ 55 முதல் 61 மீட்டர் நீளம், 24 முதல் 27 மீட்டர் அகலம். பனி நீக்கப்பட்டபின் எஞ்சும் காரைத் தளத்திலேயே கோடைக்கால ஆட்டங்கள் பெரும்பாலும் நடைபெறுகின்றன. குளிர்காலத்தில் ஆடும் தொழில்முறை அணிகளுக்குப் பனியின் மேல் செயற்கைப் புல்விரிப்பு இடப்படுகிறது. சுவர் வெறும் எல்லை மட்டுமன்று. பந்து அதில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் தொடரும். பக்கவாட்டில் நிற்கும் எதிரியைச் சுற்றிப் பந்தைச் சுவரில் எறிந்து மறுபக்கம் எடுப்பது பயின்றவர்களின் வழக்கமான உத்தி.

கோல் சட்டம் வெளிக்கள வடிவத்தில் ஆறடிக்கு ஆறடி. பெட்டியிலோ உயரம் நான்கடி. அகலம் போட்டிக்கேற்ப நான்கடி முதல் நான்கேமுக்கால் அடி வரை. பருத்த காப்புடைகள் அணிந்த கோல்காவலர் அதன் முன் நின்றால் கண்ணுக்கு வாயிலே தெரிவதில்லை. பெட்டி லாக்ரோசின் நுணுக்கம் அனைத்தும் இந்த ஒரு வடிவமைப்பிலிருந்து பிறக்கிறது எனலாம். தொலைவிலிருந்து வலுவாக எறிவது பயன்தராது. அருகில் வரவேண்டும், கோல்காவலரை ஒருபக்கம் சாயவைக்க வேண்டும், பிறகு தோள்மேலோ இடுப்பருகிலோ திறக்கும் கையகல இடைவெளியில் பந்தைச் செலுத்த வேண்டும். வெளிக்களத்தில் ஆறடிக் கோலுக்குப் பழகிய வலிமையான எறிவாளர்கள் பெட்டிக்குள் வந்ததும் திணறுவதும், பெட்டியில் வளர்ந்தவர்கள் வெளிக்களத்தில் எளிதாகக் கோல் அடிப்பதும் இதனால்தான்.

கோலைச் சுற்றி ஒரு வட்டம் வரையப்பட்டிருக்கும். தாக்கும் அணியினர் அதற்குள் கால் வைக்கக் கூடாது.

மட்டையும் பந்தும்

பந்து திண்ம ரப்பரால் ஆனது. எடை ஏறத்தாழ 142 முதல் 149 கிராம், சுற்றளவு ஏறத்தாழ 20 செ.மீ. துடுப்பாட்டப் பந்தை அறிந்தவர்கள், அதைவிடச் சற்றே சிறியதும் எடை குறைந்ததுமான ஒரு பந்தை எண்ணிக்கொள்ளலாம். தையலும் தோலும் இல்லாததால் அது தரையில் உயரமாக எழும்பும். நாள்பட்ட பந்து வழவழப்பாகி வலையிலிருந்து நழுவும். அத்தகைய பந்துகளைக் கழகங்கள் கழித்துவிடும்.

மட்டை ஒரு நெம்புகோல். கையின் நீளத்தைக் கூட்டுவதால், தோளும் இடுப்பும் தரும் சிறு சுழற்சி பந்தின் பெரும் வேகமாக மாறுகிறது. தேர்ந்த ஆட்டக்காரரின் எறிவு மணிக்கு 150 கி.மீ. வேகத்தைக் கடக்கும். வெளிக்களத்தில் தடுப்பாளர்கள் ஆறடி வரை நீளும் மட்டையைப் பயன்படுத்தலாம். பெட்டியில் கோல்காவலர் நீங்கலாக எல்லோருக்கும் குறுமட்டையே. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 102 முதல் 117 செ.மீ. சிறுவர்களுக்கு இதனினும் குறுகிய மட்டை அனுமதிக்கப்படுகிறது. புதிதாக மட்டை வாங்கும் பெற்றோர், பிள்ளை வளர்ந்துவிடுவான் என்று எண்ணி நீளமானதை வாங்குவது வழக்கம். இது சட்டைக்குப் பொருந்தும், மட்டைக்குப் பொருந்தாது. நீண்ட மட்டையைக் கட்டுப்படுத்த இயலாத குழந்தை தவறான பிடியைப் பழகிக்கொள்ளும்.

மட்டையின் விலையைவிட வலைப்பையின் கட்டுமானம் முக்கியமானது. பை ஆழமாக இருந்தால் பந்து பத்திரமாக இருக்கும், ஆனால் எறியும்போது தாமதமாக வெளியேறித் தரையை நோக்கிப் பாயும். ஆழமற்றிருந்தால் ஓடும்போது விழுந்துவிடும். கடையில் வாங்கிய புதிய வலை பெரும்பாலும் விறைப்பாக இருக்கும். சில நாட்கள் பந்தை உள்ளே அழுத்திவைத்துப் பழக்கியபின்பே அது குழந்தைக்கு உதவும். என்னால் பந்தைப் பிடிக்க முடியவில்லை என்று அழும் பல குழந்தைகளின் குறை கையில் இல்லை, வலையில் இருக்கிறது.

ஆட்டம் நடைபெறும் முறை

களத்தில் ஐந்து ஓட்டக்காரர்களும் ஒரு கோல்காவலரும் இருப்பர். தளத்தின் நடுவில் இருவர் எதிரெதிரே குனிந்து பந்துக்காகப் போட்டியிடுவதுடன் ஆட்டம் தொடங்கும். ஆட்ட நேரம் போட்டிக்கேற்ப வேறுபடும். கோடைக்காலப் பெரியோர் ஆட்டங்களில் 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளும், தேசிய லாக்ரோசு கூட்டிணைவில் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளும் உள்ளன.

பந்தைப் பெற்ற அணி 30 நொடிகளுக்குள் கோலை நோக்கி எறிந்தாக வேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குச் செல்லும். இந்தக் கடிகாரமே ஆட்டத்தின் மூச்சைத் தீர்மானிக்கிறது. ஆட்டம் நிற்காமலே ஆட்கள் மாறலாம் என்பதால், தாக்குவதில் வல்லவர்கள் தம் பணி முடிந்ததும் இருக்கைக்கு ஓட, தடுப்பதில் வல்லவர்கள் சுவர்க்கதவு வழியே களம் புகுவர். புதிதாகப் பார்ப்பவருக்கு இது குழப்பமாகத் தோன்றும். ஒரு பகுதி முழுவதும் பந்தைப் பாராமல் இருக்கைகளை மட்டும் பார்த்தால் ஒழுங்கு புலப்படும்.

வலக்கை ஆட்டக்காரர்கள் தாக்கும்போது தளத்தின் இடப்புறத்திலும், இடக்கை ஆட்டக்காரர்கள் வலப்புறத்திலும் நிற்பர். அப்போதுதான் மட்டை களத்தின் நடுப்பக்கம் அமைந்து கோலை நோக்கிய கோணம் அகலும். ஒருவர் அசையாமல் நின்று தோழரைத் துரத்துபவரை மறித்து வழிவிடுவது கூடைப்பந்தாட்டத்தில் உள்ளதைப் போன்றதே.

உடல் மோதல் விதிக்குட்பட்டு அனுமதிக்கப்படுகிறது. பந்து வைத்திருப்பவரின் மேற்கையையோ பக்கவாட்டையோ இரு கைகளுக்கிடையே உள்ள தண்டால் தள்ளித் தடுக்கலாம். பனி ஹாக்கியில் குற்றமாகும் இச்செயல் இங்கே அடிப்படைத் தடுப்புமுறை. பின்னாலிருந்து தள்ளுதல், தலையைத் தாக்குதல், மட்டையை ஓங்கி வெட்டுதல், சுவருடன் சேர்த்து மோதுதல் ஆகியவை குற்றங்கள். சிறு குற்றத்துக்கு 2 நிமிடமும் பெருங்குற்றத்துக்கு 5 நிமிடமும் வெளியே அமர வேண்டும்; அதுவரை அணி ஓர் ஆள் குறைவாக ஆடும்.

சிறுவர் லாக்ரோசு

கனடாவில் சிறுவர் ஆட்டம் வயதுப் பிரிவுகளாக ஒழுங்கமைக்கப்பட்டுள்ளது. முன்பு டைக், நாவிசு, பீவீ, பேன்டம், மிட்செட் என்றழைக்கப்பட்ட பிரிவுகள் இப்போது 7 வயதுக்குட்பட்டோர், 9 வயதுக்குட்பட்டோர் என்றவாறு ஈராண்டு இடைவெளியில் 17 வரை செல்லும் பெயர்களைப் பெற்றுள்ளன. அதற்கு மேல் இளையோர் பிரிவு. ஒன்றாறியோவில் பருவம் இளவேனிலில் தொடங்கிக் கோடையில் முடிகிறது. பள்ளி ஆண்டின் இறுதித் தேர்வுகள் இக்காலத்தில் வருவதைப் பெற்றோர் கருத்தில் கொள்வது நல்லது.

மிகச் சிறியவர்களுக்குப் பல இடங்களில் தளத்தின் ஒரு பகுதியில் குறைந்த ஆட்களுடன் ஆட்டம் நடத்தப்படுகிறது. மதிப்பெண் பதியாமலும் இருப்பதுண்டு. உடல் மோதல் வயதுக்கேற்பப் படிப்படியாகவே அறிமுகமாகிறது. எந்த வயதில் எவ்வளவு என்பது மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுவதால், பதிவு செய்யும்போதே கழகத்திடம் கேட்டறிய வேண்டிய முதல் வினா இதுவே. அரங்கில் பார்த்த பெரியோர் ஆட்டத்தை வைத்துக் குழந்தையின் ஆட்டத்தை மதிப்பிட்டு அஞ்சுவதும், அதே ஆட்டத்தை வைத்து ஏன் என் மகன் மோதவில்லை எனச் சினப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

தொடங்குவோர் கற்க வேண்டியவை சிலவே. தரையில் கிடக்கும் பந்தை முழங்கால் மடக்கி அள்ளுவது முதலாவது. சிறுவர் ஆட்டங்களில் பந்து பெரும்பகுதி நேரம் தரையிலேயே கிடப்பதால், நன்றாக அள்ளத் தெரிந்த குழந்தை உயரமும் வேகமும் உள்ள பிறரைவிட அதிகமாகப் பந்தைத் தொடும். அடுத்தது தொட்டிலாட்டல்: ஓடும்போது மட்டையை மணிக்கட்டால் மெல்ல அசைத்து, பந்தை வலையின் அடியில் அழுந்தச் செய்தல். குழந்தையைத் தொட்டிலில் இடுவது போன்ற அசைவு என்பதால் ஆங்கிலத்திலும் அதே பெயரே வழங்குகிறது. மூன்றாவது எறிதலும் பிடித்தலும். பந்து வரும்போது மட்டையை முன்னே நீட்டி அடிப்பது போல் எதிர்கொண்டால் பந்து தெறிக்கும். முட்டையை ஏந்துவது போல் மட்டையைப் பின்னே இழுத்து வாங்கினால் தங்கும். இவையனைத்துக்கும் சன்னலற்ற ஒரு செங்கற்சுவரும் நாள்தோறும் கால்மணி நேரமும் போதும். சுவர் சலிப்பதில்லை, தவறான எறிவைத் தவறான இடத்துக்கே திருப்பியனுப்பி உடனுக்குடன் திருத்தும்.

புகழ்பெற்ற பனி ஹாக்கி ஆட்டக்காரர் வெய்ன் கிரெட்சுகி பிரான்ட்ஃபர்டில் தம் சிறுவயதுக் கோடைகளில் லாக்ரோசு ஆடியவர். ஆண்டு முழுவதும் ஒரே விளையாட்டில் குழந்தையைப் பூட்டிவைக்கும் இன்றைய வழக்கத்துக்கு இது நல்ல மறுமொழி.

காப்புடைகளும் செலவும்

முகக்கம்பிகள் கொண்ட தலைக்கவசம், பல்காப்பு, கையுறை, தோள்காப்பு, மேற்கை மற்றும் முழங்கைக் காப்பு, விலாவையும் சிறுநீரகப் பகுதியையும் மூடும் முதுகுக்காப்பு, இடுப்புக்கீழ்க் காப்பு ஆகியவை தேவை. காலுக்குச் சாதாரண உள்ளரங்க ஓட்டக் காலணி போதும். சறுக்குக் காலணியும் பனித்தள வாடகையும் இல்லாததால் பனி ஹாக்கியைவிடச் செலவு பொதுவாகக் குறைவு. ஹாக்கி ஆடும் குழந்தையின் கையுறை, முழங்கைக் காப்பு முதலியவற்றைத் தொடக்கத்தில் பயன்படுத்தலாம். விலாக் காப்பை மட்டும் தவிர்க்கக் கூடாது, ஏனெனில் மட்டையின் தள்ளல் விழும் இடம் அதுவே. கோல்காவலரின் காப்புடைகள் விலை மிக்கவை. சிறுவர் பிரிவுகளில் பல கழகங்கள் அவற்றைத் தாமே தருகின்றன.

காப்புடைகளைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. தலைக்கவசம் மட்டும் விலக்கு. விரிசல், தளர்ந்த திருகு, காலாவதியான தரமுத்திரை ஆகியவை மேலோட்டப் பார்வைக்குத் தெரியா.

காயங்கள்

பெட்டி லாக்ரோசில் மிகுதியாக நேர்வது காயமெனச் சொல்லத் தகாத கன்றல்களே. முன்கையிலும் தொடையிலும் நீலத் தழும்பு இல்லாமல் பருவம் முடிவதில்லை. கணுக்கால் சுளுக்கும் பரவலானது. காரைத் தளத்தில் விழுவது புல்லில் விழுவது போன்றதன்று.

பெற்றோர் உண்மையில் அறிந்திருக்க வேண்டியது மூளையதிர்ச்சி பற்றியே. தலைக்கவசம் மண்டையோடு உடைவதையும் முகம் கிழிவதையும் தடுக்கும். மூளை மண்டையோட்டுக்குள் குலுங்குவதை அதனால் நிறுத்த இயலாது. நினைவிழந்தால்தான் மூளையதிர்ச்சி என்ற நம்பிக்கை தவறானது. பெரும்பாலோர் நினைவிழப்பதே இல்லை. தலைவலி, குமட்டல், வெளிச்சம் பொறுக்காமை, குழம்பிய பேச்சு, காரணமற்ற எரிச்சல் ஆகியவை சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். முதல் அதிர்ச்சி ஆறும் முன் இரண்டாவது நேர்ந்தால், குறிப்பாக வளரும் வயதினருக்கு, மூளை வீங்கி உயிரிழப்பு ஏற்படக் கூடும். 2013இல் ஒன்ராறியோவில் 17 வயது மாணவி ஒருவர் சில நாட்கள் இடைவெளியில் ரக்பி ஆட்டத்தில் பெற்ற தொடர் அடிகளால் இறந்தார். அவர் பெயரால் 2018இல் அம்மாகாணம் ரோவன் சட்டத்தை இயற்றியது. இதன்படி 26 வயதுக்குட்பட்ட ஆட்டக்காரர்களும், 18 வயதுக்குட்பட்டோரின் பெற்றோரும் ஆண்டுதோறும் மூளையதிர்ச்சி பற்றிய அரசின் கையேட்டைப் படித்ததாக உறுதியளிக்க வேண்டும். ஐயம் எழுந்தாலே ஆட்டக்காரர் உடனே வெளியேற்றப்பட வேண்டும். மருத்துவ அனுமதியின்றித் திரும்பக் கூடாது. பதிவுப் படிவத்தில் இன்னொரு கட்டம் என எண்ணிப் படிக்காமல் ஒப்பமிடுவோர் பலர். படிக்கச் சில நிமிடங்களே ஆகும்.

மிக அரிதாயினும் அறிய வேண்டிய மற்றொன்று மார்பில் பந்து தாக்குவதால் ஏற்படும் இதயத் துடிப்புச் சீர்குலைவு. இதயத் துடிப்புச் சுழற்சியின் மிகச் சிறு கணத்தில் அடி விழுந்தால், நலமான இதயமும் திடீரெனத் துடிப்பொழுங்கை இழக்கும். விலா உடைந்திருக்காது, வெளியே அடையாளமும் இராது. உடனடியாக மார்பை அழுத்தி முதலுதவி தொடங்கித் தானியங்கி மின்னதிர்வுக் கருவியைப் பயன்படுத்தினால் பிழைக்கும் வாய்ப்பு உண்டு; ஒவ்வொரு நிமிடத் தாமதமும் அவ்வாய்ப்பைக் குறைக்கும். எனவே அரங்கில் அக்கருவி எங்கே தொங்குகிறது என்பதைச் சிற்றுண்டிக் கடை எங்கே என்பதற்கு முன் தெரிந்துகொள்வது நலம். பந்தைத் தடுக்க வேண்டி மார்பை முன்னே கொடுக்கும் பழக்கத்தையும் கோல்காவலர் அல்லாத குழந்தைகளிடம் ஊக்குவிக்கக் கூடாது.

சூலை மாதத்தில் குளிரூட்டப்படாத அரங்கம் அடைத்த அறை போல வெம்மையாக இருக்கும். முழுக் காப்புடை அணிந்த குழந்தைக்குத் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே தண்ணீர் தர வேண்டும்.

கைகலப்பு பற்றிய கேள்வி இயல்பாக எழும். தொழில்முறை ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் கையுறையைக் கழற்றிவிட்டுச் சண்டையிடும் காட்சி பனி ஹாக்கியைப் போலவே இங்கும் உண்டு. சிறுவர் ஆட்டத்தில் சண்டையிட்டால் வெளியேற்றமும் அடுத்த ஆட்டங்களுக்குத் தடையும் விதிக்கப்படும். பார்வையாளர் பகுதியிலிருந்து நடுவரை ஏசுவது இதைவிடப் பரவலான கேடு. சிறுவர் ஆட்டங்களின் நடுவர்களுள் பலர் தாமே பதின்ம வயதினர். இவ்வசையால் மனம் வெறுத்து அவர்கள் விலகினால் ஆட்டம் நடத்தவே ஆளிருக்காது.

பெண்கள் ஆட்டம்

பெண்களின் வெளிக்கள லாக்ரோசு உடல் மோதலைப் பெரிதும் கட்டுப்படுத்தும் தனி விதிகள் கொண்டது. பெட்டி லாக்ரோசில் பெண்கள் ஆண்களின் விதிகளுக்கு நெருக்கமான விதிகளுடன் ஆடுகின்றனர். சிறு வயதுகளில் சிறுமியர் சிறுவர் அணிகளில் கலந்து ஆடுவதும் உண்டு. தனிச் சிறுமியர் அணிகள் உள்ள ஊர்களும் உண்டு. ஹோடனோசோனி மரபில் மருந்தாட்டம் ஆண்களுக்கே உரியது. மரமட்டையைப் பெண்கள் தொடக்கூடாது என்ற வழக்கத்தைப் பேணுவோர் அச்சமூகத்தில் உள்ளனர். அதே சமூகத்தின் பெண்கள் இன்று நெகிழி மட்டைகளுடன் பன்னாட்டுப் போட்டிகளில் ஆடுகின்றனர்.

வளர்ந்தபின்

இளையோர் பிரிவின் தேசியக் கோப்பை மின்டோ கோப்பை ஆகும். 1901இல் அப்போதைய ஆளுநர் மின்டோ பிரபுவால் வழங்கப்பட்ட இக்கோப்பை 1937 முதல் இளையோருக்கு உரியது. பெரியோருக்கான மான் கோப்பைக்காக ஆண்டுதோறும் ஒன்ராறியோ வாகையரும் பிரித்தானியக் கொலம்பியா வாகையரும் ஏழு ஆட்டத் தொடரில் மோதுகின்றனர். தொழில்முறைத் தேசிய லாக்ரோசு கூட்டிணைவின் முன்னோடி 1987இல் நான்கு அணிகளுடன் தன் முதல் பருவத்தை ஆடியது; இப்பெயர் 1998 முதல் வழங்குகிறது. இக்கூட்டிணைவின் ஆட்டக்காரர்களுள் பலர் வார நாட்களில் ஆசிரியராகவோ தீயணைப்பு வீரராகவோ பணியாற்றுவோர். லாக்ரோசு மட்டும் சோறு போடும் என எதிர்பார்ப்போர் இதனைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உதவித்தொகை பெற்றோரை ஈர்க்கும் மற்றொரு செய்தி. விக்டோரியா நகரில் பெட்டி லாக்ரோசு ஆடி வளர்ந்த இரட்டையர் கேரி கெயிட்டு, பால் கெயிட்டு 1980களின் இறுதியில் சிராக்கியூசு பல்கலைக்கழகத்தில் வெளிக்கள ஆட்டத்தையே மாற்றினர். 1988இல் கேரி கோலின் பின்புறமிருந்து பாய்ந்து சட்டத்தின் மேலாகப் பந்தை உள்ளே திணித்தது பலராலும் நினைவுகூரப்படுகிறது. அதன்பின் கனடிய மாணவர்களை அப்பல்கலைக்கழகங்கள் தேடத் தொடங்கின. எனினும் முழு உதவித்தொகை பெறுவோர் மிகச் சிலரே. பல ஆண்டுப் பயணச் செலவை அக்கணக்கில் வைத்து நியாயப்படுத்துவது அறிவுடைமை ஆகாது.

பன்னாட்டுப் போட்டிகள்

முதல் உலக உள்ளரங்க வாகையர் போட்டி 2003இல் ஒன்ராறியோவின் ஆமில்டனில் நடைபெற்றது. ஆலிபாக்சு (2007), பிராகா (2011), ஒனோண்டாகா (2015), இலாங்லி (2019), யூட்டிகா (2024) ஆகிய இடங்களில் தொடர்ந்தது. ஆடவர் பிரிவில் இவையனைத்திலும் கனடாவே வென்றது. 2019 வரையிலான ஐந்து போட்டிகளிலும் இரண்டாமிடம் பெற்றது ஹோடனோசோனி அணி. பெண்கள் பிரிவு 2024இல் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

சில ஆயிரம் ஆட்டக்காரர்களை மட்டுமே கொண்ட ஒரு முதற்குடிக் கூட்டமைப்பு தன் கொடியுடன் தனிநாடாக ஆடும் உலகப் போட்டி வேறெந்த விளையாட்டிலும் காண்பது அரிது. 1983இல் நிறுவப்பட்ட இவ்வணி 2010இல் மான்செசுடரில் நடந்த வெளிக்கள உலகப் போட்டிக்குத் தம் சொந்தக் கடவுச்சீட்டில் செல்ல முயன்றது. பிரித்தானிய அரசு அதனை ஏற்கவில்லை. வேறு நாட்டுக் கடவுச்சீட்டில் செல்வதைவிடப் போட்டியை இழப்பதே மேல் என அணி முடிவு செய்தது. ஐந்தாண்டுகள் கழித்துப் பெட்டி லாக்ரோசு உலகப் போட்டி ஒனோண்டாகா நிலத்திலேயே நடந்தபோது, வந்த அணிகளின் கடவுச்சீட்டுகளில் ஹோடனோசோனி முத்திரை இடப்பட்டது.

2028 லாசு ஏஞ்சலசு ஒலிம்பிக்கில் லாக்ரோசு இடம்பெற உள்ளது. 1904, 1908 ஆண்டுகளுக்குப் பின் பதக்கப் போட்டியாக அது திரும்புவது இதுவே முதன்முறை. அங்கு ஆடப்படுவது பெட்டி லாக்ரோசு அன்று. அணிக்கு ஆறு பேர், 30 நொடிக் கடிகாரம் ஆகியவற்றைக் கொண்டு திறந்தவெளியில் ஆடப்படும் சிக்சசு என்ற புதிய வடிவம் ஆகும். பெட்டியில் பழகியவர்களுக்கு அதன் வேகமும் நெருக்கமான எறிவும் புதியவை அல்ல. ஒலிம்பிக்கில் தேசிய ஒலிம்பிக் குழு உள்ள நாடுகளே பங்கேற்கலாம் என்ற விதி இருப்பதால், இவ்விளையாட்டை உலகுக்குத் தந்த ஹோடனோசோனி மக்கள் தம் கொடியின்கீழ் ஆடுவது சிக்கலாக உள்ளது.